ரிப்போர்ட்டில் பெயர் மாறினால் கிருமியும் மாறுமா?

கே: போன வருஷம் அப்பாவின் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘என்டெரோபாக்டர் ஏரோஜெனிஸ்’ என்று இருந்தது. இந்த வருஷம் ‘கிளெப்சியெல்லா ஏரோஜெனிஸ்’. புதுக் கிருமியா? – காட்பாடி

ப: இரண்டும் ஒரே இனத்தின் பெயர்கள்தான். கிளெப்சியெல்லாவுக்கு நெருங்கிய சொந்தம் என்று மரபணு காட்டியதால் 2017-ல் அந்தப் பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் குழு) மாற்றினார்கள். தொற்று ஏன் திரும்ப வந்தது என்பதை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்.

நான் லேபில் இருந்தபோது இப்படித்தான் ஒரு கிருமிக்குப் புதுப் பெயரை மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிட்டோம். ஒரு அம்மா பழைய தாளையும் புதுத் தாளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அழுதார். அன்று முதல் புதுப் பெயருக்குக் கீழேயே ‘முன்பு இன்ன பெயர்’ என்று போட வைத்தேன். எல்லா லேபும் இதைச் செய்ய வேண்டும்.

கே: பழைய பெயரையே எழுதினால் தப்பா? – லேப் டெக்னீஷியன், குடியாத்தம்

ப: தப்பில்லை. பெயரை எப்படி வைப்பது என்பதைத்தான் பாக்டீரியாப் பெயர்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பு சொல்கிறது; எந்த வகைப்பாட்டை ஏற்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் உங்கள் டாக்டர்களோடு பேசி ஒரே பெயரில் நில்லுங்கள்.

கே: இதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள்? – ராணிப்பேட்டை

ப: பாக்டீரியா, ஆர்க்கியா (பாக்டீரியா போலத் தெரியும் தனி வகை நுண்ணுயிர்கள்) பெயர்களுக்கு ஒரு சர்வதேசக் குழு இருக்கிறது. வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்ல அதற்குள்ளேயே நீதி ஆணையமும் உண்டு. 1980 ஜனவரி 1-ல் அங்கீகரித்த பட்டியல் ஒன்றை வெளியிட்டு, அதில் இல்லாத பழைய பெயர்களின் தகுதியை நீக்கினார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது பிளேக் கிருமியின் வழக்கு. யெர்சினியா பெஸ்டிஸின் டிஎன்ஏ, யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸ் என்ற சகோதர இனத்தோடு கிட்டத்தட்ட ஒன்றிப்போனதால், அதன் துணையினமாக்கிப் பெயரை மாற்றினார்கள். அறிவியல்படி அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் பிளேக்கின் பெயரில் குழப்பம் வந்தால் உயிர் போகும் என்று 1985-ல் ஆணையம் புதுப் பெயரைத் தள்ளிவிட்டது. விதி மனிதர்களுக்காகத்தான் என்று நினைத்து வந்த தீர்ப்பு அது.

கே: வைரஸ், பூஞ்சைக்கும் இதே விதியா? – ஆம்பூர்

ப: இல்லை, அவற்றுக்குத் தனித்தனி விதிகள்.

கே: பாலாற்று மணலில் பிரித்தெடுத்த பாக்டீரியா புது இனம் போலிருக்கிறது. ஆற்றின் பெயரை வைக்கலாமா சார்? – மாணவி, வாணியம்பாடி

ப: தாராளமாக வைக்கலாம் அம்மா. லத்தீன் வடிவம் வேண்டும், ‘பாலாரென்சிஸ்’ போல. உங்கள் பெயரையோ கூட எழுதுபவர் பெயரையோ வைக்காதீர்கள்.

முதலில் ஒற்றைக் காலனியைத் திரும்பத் திரும்ப ஸ்ட்ரீக் செய்து (தட்டில் கோடாக இழுத்து வளர்த்து) சுத்தமாக்குங்கள். அதுதான் உங்கள் இனத்தின் பெயருக்கு அடையாள மாதிரியாக நிற்கும் ‘வகை ஸ்ட்ரெயின்’; அதை இரண்டு வெவ்வேறு நாடுகளின் நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையங்களில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். கேட்கும் ஆராய்ச்சியாளருக்கு அது கட்டுப்பாடின்றிக் கிடைக்கவும் வேண்டும். இந்தியாவில் புனேயிலும் சண்டிகரிலும் மையங்கள் உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது 2002-ன் உயிரியல் பன்மைச் சட்டமும் குறுக்கே வரும். நல்ல வேலைகள் பல இங்கேதான் சிக்கி நிற்கின்றன. கட்டுரை எழுத உட்காரும் முன்பே அனுமதிக்கு எழுதிவிடுங்கள்.

மையத்தில் உங்கள் ஸ்ட்ரெயினை உறைய வைத்து உலர்த்திய அந்த வெள்ளைப் பொடி, ஒரு கண்ணாடி ஆம்பூலின் அடியில் சிட்டிகை அளவுதான் இருக்கும். பெயர் ஒட்டியிருப்பது அதில்தான். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் ஆம்பூலை உடைத்து வளர்த்துத்தான் பார்ப்பார்கள்.