பென்டாக்ஸ் கே1000: மீட்டர் முள் அசையவில்லை, வாங்கலாமா?

கற்றுக்கொள்ளப் பழைய பிலிம் கேமரா ஒன்று தேடுகிறீர்கள்; பார்த்த கே1000-இல் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை, அதே விலைக்குக் கேனன் ஏஇ-1-உம் கிடைக்கிறது என்கிறீர்கள். ஷட்டர் (பிலிமில் ஒளி படும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் திரை) சரியாக இருந்தால் கே1000-ஐ வாங்கலாம். கே1000-இல் பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். ஷட்டர் முழுக்க இயந்திர விசையில் ஓடுவது. கேனன் ஏஇ-1 அப்படியில்லை, பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே அடிக்காது. கற்றுக்கொள்ளத்தான் என்றால் நான் கே1000 பக்கம்.

முள் அசையாததற்குப் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். இந்தக் கேமராவில் மீட்டருக்குத் தனி ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் மூடி இல்லாமல் அலமாரியில் கிடந்தால், வெளிச்சம் பட்டுப் பட்டே பேட்டரி காலியாகிவிடும்.

கடைக்குப் போகும்போது:

1. புது எஸ்ஆர்44 பேட்டரி ஒன்று கொண்டு போங்கள். அடியில் உள்ள மூடியைக் காசு வைத்துத் திருகினால் திறக்கும். பழைய பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். பேட்டரியைப் போட்டு, ஜன்னலை நோக்கிப் பிடித்து லென்ஸின் அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை) வளையத்தைத் திருப்புங்கள். முள் ஏறி இறங்க வேண்டும்.

2. பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தைப் பார்த்து 1/1000 நொடி வேகத்தில் ஷட்டரை அடியுங்கள். பிலிம் இருக்க வேண்டிய சட்டம் முழுக்க ஒளி தெரிய வேண்டும். ஓர் ஓரம் இருட்டாக இருந்தால் விட்டுவிடுங்கள். மீட்டரைவிட இதுதான் முக்கியம்.

பின்கதவோரம் வெளிச்சம் புகாமல் தடுக்கும் நுரை பிசுபிசுத்திருந்தால் கவலை வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம்.

மீட்டர் செத்தே போயிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400 பிலிமுக்கு நல்ல வெயிலில் அபர்ச்சர் எஃப்/16, ஷட்டர் 1/500 நொடி வைத்தால் படம் வரும். ஆனால் வீட்டுக்குள்ளும் அந்தியிலும் இந்தக் கணக்கு உதவாது. போனில் ஒரு மீட்டர் செயலி போட்டுக்கொள்ளுங்கள்.