எல்க் மந்தைகளும் நெரிசலும் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

டென்வர் நகரில் சில ஆண்டுகளாக வசிக்கிறேன். என்னுடன் பணியாற்றும் நண்பர்கள் சிலர் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் மேற்குக் கொலராடோவின் தேசிய வனங்களுக்கு எல்க் மான் வேட்டைக்குச் செல்வார்கள். இவ்வாண்டு என்னையும் தங்கள் முகாமுக்கு அழைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சில் இரண்டு குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பொதுக் காடுகளில் வண்டி நிறுத்தக்கூட இடம் கிடைப்பதில்லை, எந்த முகட்டில் ஏறினாலும் அங்கே ஆரஞ்சு மேற்சட்டை அணிந்த வேட்டைக்காரர்கள் சிலர் முன்பே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஒன்று. எல்க் மந்தைகள் முன்புபோல் இல்லை என்பது மற்றொன்று. ஒருவர் வெளிமாநில வேட்டைக்காரர்களைக் குறைசொல்கிறார், இன்னொருவர் ஓநாய்களை. எனக்கோ, இந்தியா 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தொடங்கிச் செய்ததைப்போல வேட்டையையே தடைசெய்துவிட்டால் இரண்டும் தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது. நான் வார இறுதிகளில் மலைப்பாதைகளில் நடப்பவன். ஒரு விலங்குக்கும் தீங்கு செய்யாமல் காட்டை அனுபவிக்க முடியும் என்று நம்புபவன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். அந்த அழைப்பை நான் ஏற்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

கொலராடோவிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர்கள் சொல்லும் இரண்டு குறைகளும் உண்மையானவை. நெரிசல்தான் மந்தைகளைக் குறைத்தது என்றும், துப்பாக்கியை அகற்றினால் மந்தைகள் திரும்பிவிடும் என்றும் நீங்கள் முடிவுசெய்திருப்பதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எல்க் என்ற இனம் இன்று அழிவின் விளிம்பில் இல்லை. சந்தைக்காக இறைச்சியும் தோலும் பல்லும் விற்றவர்கள் வரம்பின்றிக் கொன்று குவித்ததால், 1900 வாக்கில் வட அமெரிக்கா முழுவதிலும் ஒரு லட்சத்துக்கும் குறைவான எல்க்குகளே எஞ்சியிருந்தன. இன்று அவை ஏறத்தாழ பத்து லட்சம். உங்கள் கொலராடோவில் மட்டும் 2,80,000 அளவில் இருக்கின்றன. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. மொன்டானாவிலும் வயோமிங்கிலும் பல மந்தைகள், வனவிலங்குத் துறை வகுத்த இலக்கைத் தாண்டிப் பெருகியிருக்கின்றன. குறைவு என்பது குறிப்பிட்ட சில பள்ளத்தாக்குகளின், சில மந்தைகளின் துயரம். அதனால் அது சிறியதாகிவிடாது. ஆனால் எந்தப் பள்ளத்தாக்கில், எந்தக் காரணத்தால் என்று கேட்காமல் பொதுவாகப் பேசினால் விடை கிடைக்காது.

உங்கள் நண்பர்கள் செல்லும் நெரிசலான பருவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கொலராடோவில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வரும் இரண்டாம், மூன்றாம் துப்பாக்கிப் பருவங்களுக்கான உரிமத்தை, பெரும்பாலான பகுதிகளுக்கு, யார் வேண்டுமானாலும் கடையில் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். எண்ணிக்கை வரம்பு கிடையாது. இந்த உரிமம் கொம்புள்ள ஆண் எல்க்குக்கு மட்டுமே உரியது, அதிலும் பல பகுதிகளில் ஒரு பக்கக் கொம்பிலாவது நான்கு கிளைகள் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. ஓர் ஆண் எல்க் செப்டம்பரில் பல பெண்களுடன் இணைசேர்கிறது. ஆகவே ஆண்களில் ஒரு பகுதி சுடப்பட்டாலும் மந்தையின் பெருக்கம் பெரிதாகக் குறைவதில்லை. பெருக்கத்தைத் தீர்மானிப்பவை பெண்களும் கன்றுகளும். பெண் எல்க்குக்கான உரிமங்களோ வரம்பிட்டே வழங்கப்படுகின்றன. மேலும், இந்தப் பெருங்கூட்டத்தில் மிகப் பலர் ஒன்றையும் சுடாமல் திரும்புகிறவர்கள். இத்தனை வண்டிகள் வந்திருக்கின்றன, அத்தனை மான்கள் போயின என்று கணக்கிடுவது பொருந்தாது.

நெரிசல் செய்வது வேறொன்று: அது எல்க்குகளை இடம்பெயரச் செய்கிறது. வில்வேட்டைக்காரர்கள் காட்டுக்குள் நுழையும் செப்டம்பரிலேயே மந்தைகள் அசையத் தொடங்குகின்றன. வேட்டை அனுமதிக்கப்படாத, அல்லது பெரும் கட்டணம் செலுத்திய சிலருக்கு மட்டும் அனுமதிக்கப்படும் தனியார் பண்ணைகளின் புல்வெளிகளுக்கு அவை போய்விடுகின்றன. கனடாவின் ஆல்பெர்டா மாகாணத்தில் இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை பொருத்திப் பெண் எல்க்குகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வாளர்கள், அவை வயது கூடக்கூடக் கற்றுக்கொள்கின்றன என்று கண்டார்கள். வேட்டைக்காலத்தில் குறைவாக நடமாடுவது, சாலைகளை விட்டு விலகுவது, மறைவான சரிவுகளைத் தேர்வது எனப் பழகிக்கொண்ட பத்து வயதுப் பெண் எல்க்கைச் சுடுவது ஏறக்குறைய இயலாத செயலாகிறது. எனவே பொதுக் காட்டில் உங்கள் நண்பர் எதிர்கொள்ளும் வெறுமைக்குப் பெரும்பாலும் பொருள், மந்தை செத்துவிட்டது என்பதன்று. வேலிக்கு அப்பால் இருக்கிறது என்பதே. பொது நிலத்துக்குள்ளேயும் நுழைய வழியில்லாத பகுதிகள் பல உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் நிறுவனங்களுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக நிலச் சதுரங்கள் வழங்கப்பட்டதால், வயோமிங் போன்ற இடங்களில் பொதுச் சதுரங்கள் மூலைகளில் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. தனியார் மண்ணை மிதிக்காமல் அந்த மூலையைக் கடப்பவர்களை நில உரிமையாளர் தடுக்க முடியாது என்று மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அது கொலராடோவையும் கட்டுப்படுத்தும். நெரிசலைச் சற்றேனும் பரவலாக்கும் தீர்ப்பு என்பதால் அதை வரவேற்கிறேன்.

இனி, உண்மையான குறைவுக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுமென விரும்புகிறேன், ஏனெனில் இது நடந்தது உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில்.

வேல் நகரத்தைச் சுற்றியுள்ள மலைகளில் வனவிலங்குத் துறையினர் விமானத்திலிருந்து எண்ணும்போது ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எல்க்குகள் தென்பட்டன. 2019 பிப்ரவரியில் அதே பகுதியில் அவர்கள் எண்ணியது 53. அங்கே ஓநாய்கள் காரணமாக இருக்க வழியே இல்லை: 1940களில் கொலராடோவில் முற்றாக அழிக்கப்பட்ட ஓநாய்களை மாநில அரசு மீண்டும் கொண்டுவந்து விட்டது 2023 டிசம்பரில்தான், அதுவும் முதலில் பத்தே ஓநாய்களை. வேலில் நடந்தது வேறு. 1962இல் பனிச்சறுக்குத் தலமாகத் தொடங்கிய அவ்வூர், பள்ளத்தாக்கின் நீளத்துக்கும் வீடுகளாக விரிந்தது. எல்க்குகள் கடும் குளிரில் இறங்கி மேயும் தாழ்நிலங்கள் அந்த வீடுகளுக்கு அடியில் போயின. நெடுஞ்சாலை அவற்றின் வழித்தடத்தை இரண்டாக வெட்டியது. எஞ்சிய சரிவுகளில் ஆண்டு முழுவதும் நடப்பவர்கள், மலைச்சைக்கிள் ஓட்டுபவர்கள், நாயுடன் வருபவர்கள், பனிக்காலணி அணிந்தவர்கள், விளக்கு கட்டிக்கொண்டு இரவில் ஓடுபவர்கள் என மக்கள் நிறைந்தார்கள்.

இவர்களில் ஒருவர்கூடத் துப்பாக்கி ஏந்தியவர் அல்லர். ஆயினும் என்ன நிகழ்கிறது என்பதை 1990களின் நடுப்பகுதியில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பில் ஆல்ட்ரெட்ஜும் அவருடைய குழுவினரும் இதே மலைகளில் நேரடியாகச் சோதித்தார்கள். கன்று ஈனும் பருவத்தில், கழுத்துப்பட்டை பூட்டிய பெண் எல்க்குகளை நோக்கி ஆய்வாளர்கள் வேண்டுமென்றே நடந்து சென்றார்கள். தாய் எழுந்து ஓடும்வரை நெருங்கினார்கள், பிறகு விலகினார்கள். அவ்வளவே செய்தார்கள். தொந்தரவு செய்யப்படாத மந்தையோடு ஒப்பிட்டபோது, இந்தத் தாய்களுடன் கோடை முடிவில் காணப்பட்ட கன்றுகள் குறைவாக இருந்தன. தொந்தரவு கூடக்கூட இழப்பும் கூடியது. ஒரு தாய்க்கு வழக்கத்தைவிடச் சராசரியாகப் பத்து முறை அதிகமாகத் தொந்தரவு நேர்ந்தால் மந்தையின் வளர்ச்சியே நின்றுவிடும் என்று அவர்கள் கணித்தார்கள். பின்னர் அந்த நடமாட்டத்தை நிறுத்திப் பார்த்தபோது கன்றுகளின் எண்ணிக்கை மீண்டது.

காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. மே இறுதியிலும் ஜூனிலும் பிறக்கும் கன்று, முதல் சில வாரங்கள் வாசனையில்லாமல் அசையாமல் புல்லில் படுத்திருப்பதையே தன் ஒரே பாதுகாப்பாகக் கொண்டது. தாய் சற்றுத் தொலைவில் மேய்ந்து, பாலூட்ட வந்து போகிறது. குளிர்காலம் முழுவதும் கொழுப்பை எரித்து மெலிந்த தாய்க்கு அந்தச் சில வாரங்களின் இளம்புல்தான் பாலாகிறது. ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் மேயும் நேரம் போகிறது, பால் குறைகிறது, கன்று தனித்து விடப்படுகிறது. கருங்கரடிக்கும், கொயோட்டி என்ற காட்டுநாய்க்கும் அது போதும். கன்றின் சாவுக்குக் கரடியின் பெயரை எழுதுவோம். அதற்கு முன் அந்தப் பாதையில் நடந்து சென்றவர் அதை அறியவே மாட்டார்.

ஓரிகனில் லா கிராண்ட் நகரருகே ஸ்டார்கி சோதனைக் காட்டில், வேலியிட்ட பெரும்பரப்பில், இதையே வேறு விதமாக அளந்திருக்கிறார்கள். நான்கு சக்கர மலைவண்டிகளிடமிருந்து எல்க்குகள் மிகுதியாக விலகின, அடுத்து மலைச்சைக்கிள். கால்நடையாகவும் குதிரையிலும் வந்தவர்களிடமிருந்தும் விலகவே செய்தன.

ஆகவே நண்பரே, ஒரு விலங்குக்கும் தீங்கு செய்யாமல் நடப்பவன் என்று நீங்கள் எழுதியதை மென்மையாகவேனும் மறுக்க வேண்டியிருக்கிறது. அது எந்த மாதத்தில், எந்தப் பாதையில் என்பதைப் பொறுத்தது. ஜூன் முதல் வாரத்தில் மூடப்பட்ட பாதையின் தடுப்பைத் தாண்டி நடப்பவர், அக்டோபரில் ஓர் ஆண் எல்க்கைச் சுடும் உங்கள் நண்பரைவிட அந்த மந்தைக்கு அதிகத் தீங்கு செய்யக்கூடும். இதை நான் முழு உறுதியோடு சொல்கிறேன்.

வேட்டைத் தடை மந்தையைத் தானாக மீட்டுவிடாது என்பதற்கு ஐடஹோவின் லோலோ பகுதி சான்று. 1910ஆம் ஆண்டின் பெருந்தீ அந்த மலைகளைப் பொசுக்கிய பிறகு முளைத்த புதர்க்காடுகளில் எல்க்குகள் பெருகி, 1980களின் இறுதியில் ஏறத்தாழ 16,000 ஆயின. பிறகு பல்லாண்டுகள் தீயை அணைத்துக்கொண்டே இருந்ததால் புதர்கள் மேல் மரங்கள் மூடிக்கொண்டன, மேய்ச்சல் குறைந்தது, 1996-97இன் கொடிய பனிக்காலம் வந்தது, கரடிகளும் மலைச்சிங்கங்களும் பின்னர் ஓநாய்களும் மெலிந்த மந்தையை மேலும் அழுத்தின. 2010இல் சுமார் இரண்டாயிரமே எஞ்சின. பெண் எல்க் வேட்டை அங்கே நிறுத்தப்பட்டது, ஆண் எல்க் உரிமங்கள் வெட்டப்பட்டன, வேட்டைக்காரர்களும் வருவதை விட்டார்கள். மந்தை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஓநாயைக் குறைசொல்லும் உங்கள் நண்பரின் பேச்சில் அங்கே ஒரு பகுதி உண்மை உண்டு. புதர் இல்லாமல் போனதையும் அவர் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் நெரிசலைக் குறைக்க வேண்டும் என்பதே என் நிலை. மாநிலங்கள் அதற்குத் தயங்குவதன் காரணம் பணம். கொலராடோவின் வனவிலங்குப் பணிகள் பெருமளவுக்கு உரிமக் கட்டணத்தில் நடக்கின்றன, வெளிமாநிலத்தவர் செலுத்துவதோ உள்ளூர்க்காரரைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். 1937இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்படி துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீது விதிக்கப்படும் வரி மாநிலங்களுக்குப் பங்கிடப்படும்போது, பாதி நிலப்பரப்பையும் பாதி உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையையும் பொறுத்து அமைகிறது. உரிமத்தை ஒருவருக்குக் குறைத்தால் இரண்டு வாயில்களிலும் வரவு குறையும். காட்டைக் காக்க வேண்டிய துறை, காட்டுக்குள் ஆள் சேர்த்தால்தான் சம்பளம் கொடுக்க முடியும் என்ற இந்த ஏற்பாடு மாற வேண்டும். 2025 முதல் மேற்குக் கொலராடோவில் வெளிமாநில வில்வேட்டைக்காரர்கள் குலுக்கலில்தான் உரிமம் பெற முடியும் என்றாகியிருப்பது நல்ல தொடக்கம். துப்பாக்கிப் பருவங்களுக்கும், உள்ளூர்க்காரர்களுக்கும் சேர்த்தே, வரம்பு வர வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் போக முடியும் என்றால், மகளை முதன்முறையாக அழைத்துச் செல்லக் காத்திருக்கும் ஒரு தந்தைக்கு அது வலிக்கும் என்பதை அறிவேன். அந்த வலியை வேட்டைக்காரர்கள் பலர் ஏற்கவும் செய்கிறார்கள். 2022-23இன் பனியில் வடமேற்குக் கொலராடோவின் மந்தைகள் மடிந்தபோது உரிமங்கள் கடுமையாக வெட்டப்பட்டன. நடைப்பாதைகளுக்கு அத்தகைய வெட்டு வந்தால் நாம் எப்படி எடுத்துக்கொள்வோம் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1972இன் சட்டத்தில் தொடங்கி இந்தியா எடுத்த முடிவு அன்றைய இந்தியக் காடுகளுக்குச் சரியானது. அங்கே வேட்டைக் கட்டணத்தால் நடந்துவந்த துறை என்று ஒன்று பெரிதாக இல்லை, இழக்க வருவாயும் இல்லை. கொலராடோவில் நாளையே தடை வந்தால், குளிர்கால மேய்ச்சல் நிலத்தை வீட்டுமனைக்காரரிடமிருந்து வாங்கிக் காக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு வேட்டையாடாதவர்கள் முதலில் விடை சொல்ல வேண்டும்.

அழைப்பை ஏற்றுக்கொண்டு போய்வாருங்கள். சுட வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த மலைகளைப் பல ஆண்டுகள் பார்த்தவர்களிடம், கன்றுகளோடு பெண் எல்க்குகளை எங்கே கண்டார்கள், இப்போது எங்கே காண்பதில்லை என்று கேட்டு வாருங்கள். வாகனப் பதிவின்போது 2023 முதல் சேர்க்கப்படும் 29 டாலர் மாநிலப் பூங்கா அனுமதியை வேண்டாமென்று பலர் நீக்கிவிடுகிறார்கள். நீங்கள் நீக்க வேண்டாம், துப்பாக்கி இல்லாதவர் இந்தக் காட்டுக்குச் செலுத்தும் சில தொகைகளில் அது ஒன்று. வேல் பகுதியில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் பிற்பகுதிவரை சில பாதைகள் மூடப்படும்போது, அவை தொடங்கும் இடத்தில் தன்னார்வலர்கள் நின்று வருபவர்களிடம் காரணத்தை எடுத்துச் சொல்கிறார்கள். ஆட்கள் அவர்களுக்கு எப்போதும் போதாது. வரும் வசந்தத்தில் ஒரு சனிக்கிழமையை நடைக்குப் பதிலாக அதற்குக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.