போலந்துக்காரர்கள் சிடுமூஞ்சிகளா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். எம்.ஏ.வும், பிறமொழியினருக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கான செல்டா சான்றிதழும் இருக்கின்றன. போலந்தில் வ்ரொத்ஸ்வாஃப் நகரத்துத் தனியார் மொழிப்பள்ளி ஒன்று அக்டோபரிலிருந்து வேலைக்குக் கூப்பிடுகிறது. இதற்கிடையில், அங்கே பன்னிரண்டு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் ஆங்கிலேயர் எழுதிய குறிப்புகளைப் படித்தேன். கொஞ்சம் பயமாகிவிட்டது. போலந்துக்காரர்கள் சிரிக்க மாட்டார்களாம். ‘கிவ் மீ’ என்றுதான் எதையும் கேட்பார்களாம். நலமா என்று கேட்டால் புலம்புவார்களாம். வகுப்பில் வாய் திறக்க மாட்டார்கள், பரீட்சையில் கூசாமல் காப்பியடிப்பார்கள், எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தாலும் ‘தி புக்’ என்பதில் வரும் ‘தி’ வராது என்றெல்லாம் எழுதுகிறார். போலிஷ் கற்கத் தனக்கு நேரம் கிடைக்கவில்லை என்றும் அவரே ஓரிடத்தில் சொல்கிறார்.

இதெல்லாம் உண்மைதானா? ஒப்பந்தத்தில் எதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்? ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத என்னை அங்கே ஏற்பார்களா?

எஸ்., திருச்சி

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி, அவர் போலிஷ் கற்கவில்லை என்பதுதான். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு மக்களோடு அவர்களுடைய மொழியில் ஒரு நாள்கூடப் பேசாதவர், அவர்கள் தன் மொழியில் தடுமாறுவதை மட்டும் கேட்டிருக்கிறார். காதில் விழுந்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அதை அவர்களுடைய குணம் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. அந்தக் குறிப்புகளில் பாதி போலிஷ் இலக்கணம், மீதியில் பெரும்பகுதி போலந்துப் பள்ளிக்கூடம்.

‘கிவ் மீ’யை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ‘தண்ணி குடுங்க’ என்றால் மரியாதை முழுவதும் அந்த ‘ங்க’வில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை வைக்க இடம் இல்லை, வெறும் ‘கிவ் மீ வாட்டர்’தான் மிஞ்சும். போலிஷிலும் இதே கதை. அங்கே மரியாதை ‘பான்’, ‘பானி’ என்ற சொற்களிலும் அவற்றோடு வரும் படர்க்கை வினையிலும் உட்கார்ந்திருக்கிறது. எதிரில் நிற்கும் அம்மாவிடமே ‘அம்மா காபி சாப்பிடுகிறாரா?’ என்று கேட்பது போன்ற அமைப்பு. ‘ப்ரோஷெ’ என்ற ஒரு சொல்லே ‘தயவுசெய்து’, ‘இந்தாருங்கள்’, ‘பரவாயில்லை’ மூன்றுக்கும் வரும். இவ்வளவு ஏற்பாடும் ஆங்கிலத்தின் ஒற்றை ‘யூ’வுக்குள் கரைந்துபோகிறது. ‘குட் யூ’ (could you), ‘வுட் யூ மைண்ட்’ போன்றவற்றை முதல் மாதத்திலேயே தனியாகச் சொல்லிக்கொடுங்கள். மரியாதைப் பாடமாக வேண்டாம். ‘பானி’யின் இடத்தில் ஆங்கிலத்தில் வருவது இது என்று காட்டினால் போதும், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

நலம் விசாரிப்பதும் இப்படித்தான். ஆங்கிலேயனுக்கு ‘ஹவ் ஆர் யூ’ ஒரு வணக்கம். போலந்தில் அது கேள்வி, கேட்டால் பதில் வரும். ‘ஸ்தாரா பியெடா’ என்பது வழக்கமான பதில்களில் ஒன்று. ‘அதே பழைய கஷ்டம்தான்’ என்று பொருள். நம்மூரில் ‘ஏதோ ஓடுது’ என்கிறோமே, அதே தொனி. இதைக் கேட்டு யாராவது நம்மை விரக்தியடைந்த இனம் என்று எழுதினால் எப்படியிருக்கும்?

இன்னொன்று, முதல் வாரத்திலேயே உங்களைக் குழப்பும். போலிஷ் பேச்சுவழக்கில் ‘நோ’ என்றால் ‘ஆமாம்’. தொலைபேசியில் ‘நோ... நோ... நோ’ என்று ஒருவர் தலையாட்டிக்கொண்டிருந்தால் எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டுகிறார் என்று அர்த்தம். தொடக்கநிலை மாணவர் அவசரத்தில் ‘நோ’ என்றால், மறுக்கிறாரா ஒத்துக்கொள்கிறாரா என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வகுப்பின் மௌனத்துக்குக் காரணம் பள்ளிக்கூடம். அங்கே 1 முதல் 6 வரை மதிப்பெண், 6தான் உச்சம், 1 என்றால் தோல்வி. வாய்மொழிப் பதிலுக்கும் மதிப்பெண் உண்டு. பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்டு, தப்பினால் ஏட்டில் ‘1’ விழும். அப்படி வளர்ந்த முப்பத்தைந்து வயதுக் கணக்காளரிடம் ‘யார் சொல்கிறீர்கள்?’ என்று பொதுவாகக் கேட்டால் மேசையைத்தான் பார்ப்பார். முதலில் இருவர் இருவராக இரண்டு நிமிடம் பேசவிடுங்கள், பிறகு ஒரு ஜோடியைக் கேளுங்கள். அலுவலக வகுப்பில் மேலாளரையும் அவருக்குக் கீழே வேலை செய்பவரையும் ஒரே குழுவில் போடாதீர்கள். ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த மேலாளர் இருக்கும் அறையில் யாரும் நன்றாகப் பேசிக்காட்ட மாட்டார்கள்.

ஆனால் திருத்தத்தை எதிர்பார்ப்பார்கள். சரளம் வரட்டும் என்று பிழைகளை விட்டுவிடும் ஆசிரியரைப் பார்த்து ‘இவர் சொல்லித்தருவதே இல்லை’ என்பார்கள். பேசும்போது குறுக்கே வெட்டாமல் குறித்துக்கொண்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் ஐந்து வாக்கியங்களைப் பலகையில் எழுதி அவர்களையே திருத்தச் சொல்வது இரண்டுக்கும் நடுவழி.

காப்பியடிப்பது உண்மை. நம்மூர் ‘பிட்டு’க்கு அங்கே ‘ஷ்ச்சோங்கா’ என்று பெயர். நண்பனுக்குக் காட்டாதவன் கெட்டவன் என்ற எண்ணம் அங்கேயும் உண்டு. ஏ, பி என்று இரண்டு வினாத்தாள் தயாரியுங்கள், அங்குள்ள ஆசிரியர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

இனி ‘தி’. இங்கேதான் நீங்கள் அந்த ஆங்கிலேயரைவிட நல்ல ஆசிரியராக இருக்க முடியும். போலிஷில் ‘எ’யும் இல்லை, ‘தி’யும் இல்லை. தமிழிலும் இல்லை. ஆனால் புதிதாகச் சொல்வதா, முன்பே தெரிந்ததா என்ற அந்த வேறுபாடு இரண்டு மொழிகளிலும் வேறு வழியில் இருக்கிறது. ‘நா ஸ்தோலெ லெஜி க்ஷொன்ஷ்கா’ என்றால் ‘மேசைமேல் ஒரு புத்தகம் கிடக்கிறது’. ‘க்ஷொன்ஷ்கா லெஜி நா ஸ்தோலெ’ என்றால் ‘புத்தகம் மேசைமேல் கிடக்கிறது’, அதாவது முன்பே பேசிக்கொண்டிருந்த புத்தகம். புதிய செய்தி வாக்கியத்தின் கடைசிக்குப் போகிறது, தெரிந்தது முதலில் வருகிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் பலகையில் அக்கம்பக்கமாக எழுதி, புத்தகம் கடைசியில் வந்தால் ‘எ’, முதலில் வந்தால் ‘தி’ என்று காட்டுங்கள். பல ஆண்டுகள் படித்தும் புரியாதது அந்த இடத்தில் புரியும்.

ஆனால் அதிலிருந்து தொடங்கக் கூடாது. முதல் சில வாரம் ஒரே விதி போதும்: எண்ணக்கூடிய ஒருமைப் பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் தனியாக நிற்காது. ‘ஐ ஆம் டீச்சர்’, ‘ஐ ஹேவ் கார்’ இரண்டும் இதோடு ஒழியும். அடுத்து மேலே சொன்ன சொல்வரிசை. மூன்றாவதாக, எதுவும் போடக்கூடாத இடங்கள். அதற்கு முன்பே ‘தி’யைப் பிடித்துக்கொண்ட மாணவர்கள் ‘தி லைஃப் இஸ் ஹார்ட்’ என்று எல்லாவற்றிலும் அதை ஒட்ட ஆரம்பிப்பார்கள். வகுப்புக்குப் பத்து நிமிடம் என்று ஒரு பருவம் முழுக்க இழுப்பது, இரண்டு வகுப்பில் மொத்தமாகக் கொட்டுவதைவிட நல்லது.

காலங்களிலும் இதே உதவி உங்களுக்குக் கிடைக்கும். போலிஷ் வினைச்சொற்கள் இரட்டையாக வரும். ‘சிதாவெம்’ என்றால் படித்தேன், படித்துக்கொண்டிருந்தேன். ‘ப்ஷெசிதாவெம்’ என்றால் படித்துவிட்டேன். (ஆண் சொல்வது இது. பெண்ணானால் இரண்டும் ‘வாம்’ என்று முடியும்.) முதல் வகையை ஆங்கிலத்தின் ‘வாஸ் ...இங்’ என்று நினைத்துக்கொள்வதால்தான் ‘வென் ஐ வாஸ் எ சைல்ட், ஐ வாஸ் கோயிங் டு ஸ்கூல் எவ்ரி டே’ என்ற வாக்கியம் வருகிறது. வழக்கமாகச் செய்ததும் அந்த நேரத்தில் செய்துகொண்டிருந்ததும் போலிஷில் ஒரே வடிவம், ஆங்கிலத்தில் இரண்டு. பிழை எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால் இருபது பயிற்சிகளுக்குப் பதில் இரண்டு போதும். ‘ஐ ஆம் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்’ எதனால் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ‘ரெண்டு வருஷமா இங்க இருக்கேன்’ என்பதை அவர்களும் நிகழ்காலத்தில்தான் சொல்கிறார்கள்.

போலிஷ் நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. எனக்குக் குளிர்கிறது என்பதை ‘ஸிம்னோ மி’ என்கிறார்கள், ‘மி’ என்றால் எனக்கு. எனக்குப் பிடிக்கிறது என்பதிலும் அதே ‘மி’தான். யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பதில் மட்டும் மறுப்பை அடுக்கிச் சொல்வார்கள், நாம் ஒருமுறைதான் மறுப்போம். ஏழு வேற்றுமைகள் என்றால் ஐரோப்பியர்கள் அலறுவார்கள். எட்டு வேற்றுமை மனப்பாடம் செய்த உங்களுக்கு என்ன?

உச்சரிப்பில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சொல்லின் கடைசியில் வரும் அதிர்வுள்ள மெய் (g, d, z போன்றவை) போலிஷில் அதிர்வில்லாததாக (k, t, s) மாறிவிடும். ‘பேக்’ என்றால் பையா முதுகா, ‘பெட்’ என்றால் படுக்கையா பந்தயமா, ‘ஐஸ்’ என்றால் கண்களா பனிக்கட்டியா என்று தெரியாது. கடைசி ஒலியைத் திருத்தப் போராடாதீர்கள். அதற்கு முன்னால் உள்ள உயிரை நீட்டச் சொல்லுங்கள். அதிர்வுள்ள மெய்க்கு முன் ஆங்கிலத்தில் உயிர் நீளும், கேட்பவர் காது அதை வைத்தே பிரித்துக்கொள்ளும். போலிஷில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. எனவே இந்தப் பயிற்சிக்குக் கைதட்டித் தாளம் போட வேண்டியிருக்கும்.

இப்போது ஒப்பந்தம். தாளின் தலைப்பைப் பாருங்கள். ‘உமோவா ஓ ப்ராட்ஸெ’ என்றிருந்தால் முழு வேலை ஒப்பந்தம். சம்பளத்தோடு விடுப்பு உண்டு, ஆண்டுக்கு 20 நாள், பத்தாண்டு பணிக்காலம் கணக்கில் வந்தால் 26. பட்டப்படிப்புக்கு எட்டாண்டு கணக்கில் சேரும், சான்றிதழ்களை எடுத்துச்செல்லுங்கள். மொழிப்பள்ளிகள் பெரும்பாலும் நீட்டுவது ‘உமோவா ஸ்லெட்ஸெனியே’. அதில் நடத்திய வகுப்புக்கு மட்டும்தான் காசு. ‘உமோவா ஓ ஜெவோ’ என்றிருந்தால் தயங்குங்கள். அது ஓவியம் வரைவது போல முடிந்த பொருளைத் தரும் வேலைக்கானது. வகுப்பெடுப்பது அப்படி அல்ல என்று சமூகக் காப்பீட்டு நிறுவனமான ‘ஸூஸ்’ தொடர்ந்து வழக்காடியிருக்கிறது, நீதிமன்றங்களும் ஒத்துக்கொண்டிருக்கின்றன. அந்த ஒப்பந்தத்தில் மருத்துவக் காப்பீடும் வராது. சொந்த நிறுவனம் பதிவுசெய்து பில் கொடுங்கள் என்று சொன்னால், வேலை விசாவில் வருபவருக்குப் பொதுவாக அந்த வழி திறந்திருக்காது.

அடுத்து, ‘மணி’ என்றால் எத்தனை நிமிடம்? பாடமணி 45 நிமிடம், கடிகார மணி 60. 60 என்பது 45ஐவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். பிறகு வாரங்களை எண்ணுங்கள். அக்டோபர் தொடங்கி ஜூன் பாதிவரைதான் வகுப்புகள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், மே 1க்கும் 3க்கும் நடுவே எல்லோரும் ஊருக்குப் போகும் நீண்ட விடுமுறை, குளிர்காலத்தில் பள்ளிகளுக்கு இரண்டு வாரம் என்று கழித்தால் ஏறத்தாழ 32 வாரங்கள் நிற்கும். ஸ்லெட்ஸெனியேயில் காட்டும் மாதத் தொகையை மூன்றில் இரண்டுக்கும் சற்றுக் கீழே குறைத்தால் ஆண்டுச் சராசரி வரும். மாணவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் நட்டம் யாருக்கு என்பது எழுத்தில் இருக்கட்டும், 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் முழுக் கட்டணம் என்பது சாதாரணமாகக் கேட்கக்கூடிய விதி. அலுவலக வகுப்புகள் காலை ஏழரைக்கும் மாலை நாலரைக்கும் இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. இந்த ஓட்டைக்கு ஆசிரியர்கள் ‘ஒகியென்கோ’ என்கிறார்கள், சின்ன ஜன்னல். வாரத்தில் எத்தனை ஜன்னல், ட்ராம் பயண நேரத்துக்குப் பணம் உண்டா என்று கேளுங்கள்.

வேலை அனுமதியைப் பள்ளிதான் வாங்கித்தர வேண்டும். அதில் பதவி, ஒப்பந்த வகை, குறைந்தபட்சச் சம்பளம் எல்லாம் எழுதியிருக்கும், அது அந்தப் பள்ளிக்கு மட்டுமே செல்லும். அதற்குப் பிறகுதான் ‘டி’ வகை நீண்டகால விசா. ஆகவே அக்டோபர் என்றால் இப்போதே நெருக்குங்கள். பட்டச் சான்றை வெளிநாட்டில் ஏற்பதற்கான அப்போஸ்டில் முத்திரையை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். விளம்பரங்களில் ‘நேட்டிவ்’ (ஆங்கிலம் தாய்மொழியானவர்) என்ற சொல்லைப் பார்ப்பீர்கள், பிள்ளைகளுக்குப் பணம் கட்டும் பெற்றோர் அதைக் கேட்பார்கள், உங்கள் பெயரைப் பார்த்தே சிலர் தயங்குவார்கள். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1989 வரை பள்ளியில் ரஷ்ய மொழி கட்டாயம். அந்தக் கட்டாயம் நீங்கியதும் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பெரும் பஞ்சம். 1990 முதல் 2001 வரை அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான பீஸ் கோரிலிருந்து ஆட்கள் வந்து கற்பித்தார்கள், முதுகுப்பையோடு வந்த எந்த ஆங்கிலேயனுக்கும் வேலை கிடைத்தது. 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் லட்சக்கணக்கானோர் பிரிட்டனுக்குப் போனார்கள், கணிசமானோர் திரும்பி வந்தார்கள். ஆங்கிலேயரின் பேச்சு இனி அதிசயம் இல்லை. 2021 தொடக்கம் முதல், புதிதாக வரும் பிரிட்டன்காரருக்கும் உங்களைப் போலவே வேலை அனுமதி வேண்டும். சின்னப் பிள்ளைகளின் வகுப்பைவிட நிறுவன வகுப்பையும் தேர்வுப் பயிற்சியையும் கேட்டு வாங்குங்கள். வ்ரொத்ஸ்வாஃபிலும் க்ராக்கோவிலும் பன்னாட்டு நிறுவனங்களின் சேவை மையங்கள் நிறைய. அங்கே வேலை செய்பவர்களில் பலருக்குத் தினசரி அழைப்பில் எதிர்முனையில் இருப்பது பெங்களூரோ சென்னையோதான்.

அங்கே போய் இரண்டு வாரத்தில் அக்டோபர் 14, ஆசிரியர் தினம். யாராவது பூ கொடுத்தால் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும், இரட்டைப்படை சாவுக்கு. நீங்கள் ஒரு வீட்டுக்குப் போகும்போதும் அதைக் கவனியுங்கள், சாமந்தியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். நவம்பர் 1 அன்று கல்லறைகளில் குவிவது அந்தப் பூதான். வாசற்படிக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் நின்று கைகுலுக்க மாட்டார்கள், உள்ளே போய்க் கொடுங்கள். காலணியைக் கழற்ற வேண்டுமா என்று உங்களுக்குச் சந்தேகமே வராது.