23 வயதில் தொடங்கினால் தாமதமா? 34 வயதில் கோல்ஃப் மட்டையைப் பிடித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. பையன் பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸில் ஒழுங்காக வேலை பார்க்கிறான், திடீரென்று விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்கிறான், இந்த வயதுக்கு மேல் ஆரம்பித்து எங்கே போய்ச் சேருவான் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் வயதை வைத்துப் பயப்படாதீர்கள்.

வால்டர் டிராவிஸ் என்று ஒருவர். 1862இல் ஆஸ்திரேலியாவில் மால்டன் என்ற ஊரில் பிறந்தவர், ஹார்டுவேர் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் பிரதிநிதியாக நியூயார்க் போனவர். 1896இல், 34 வயதில்தான் முதன்முறையாகக் கோல்ஃப் மட்டையைத் தொட்டார். நான்கே வருடத்தில், 1900இல், அமெரிக்க அமெச்சூர் சாம்பியன், அதாவது பணத்துக்காக ஆடாதவர்களின் போட்டியில் முதலிடம். 1901, 1903 என்று இன்னும் இரண்டு முறை. 1904இல் இங்கிலாந்தில் சாண்ட்விச் மைதானத்தில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் வென்றார். வெளிநாட்டிலிருந்து போய் அதை வென்ற முதல் ஆள் அவர்தான். அப்போது அவருக்கு 42 வயது, ஆட்டக்காரர்கள் மத்தியில் பட்டப்பெயரே 'கிழவர்'.

உடம்பில் பெரிய பலம் கிடையாது, மற்றவர்களைப் போல தூரமாக அடிக்க வராது. அதனால் நேராக அடிப்பதையும், குழிக்குப் பக்கத்தில் வந்தபின் பந்தை உள்ளே தள்ளுவதையும் மணிக்கணக்கில் பழகினார், கையில் கிடைத்த கோல்ஃப் புத்தகங்களையெல்லாம் படித்தார், ஒவ்வொரு அடியும் ஏன் அப்படிப் போகிறது என்று யோசித்தார். அந்த யோசனைதான் அவரை எழுத்தாளர் ஆக்கியது என்பது என் அபிப்பிராயம். 1901இலேயே அவர் எழுதிய கோல்ஃப் புத்தகம் வந்துவிட்டது, 1908இல் 'தி அமெரிக்கன் கோல்ஃபர்' பத்திரிகையைத் தொடங்கி ஆசிரியராக இருந்தார், அப்புறம் மைதானங்களை வடிவமைப்பதும் பெரிய வேலையாக வளர்ந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அமெச்சூர் என்றால் ஜெயித்தாலும் பரிசுப்பணம் கிடையாது. ஆட்டத்தைச் சுற்றிச் சேர்த்த அறிவுதான் பின்னால் அவருக்குத் தொழிலானது, அதுவரை சோறு போட்டது சம்பள வேலை. காலமும் கைகொடுத்தது என்பதை நான் மறைக்க மாட்டேன்: அப்போதுதான் அமெரிக்காவில் கோல்ஃப் பரவிக்கொண்டிருந்தது, ஊர் ஊராகக் கிளப்புகள் முளைத்தன, விளக்கிச் சொல்ல ஆள் தேவைப்பட்டது.

உங்கள் மகனும் இதைத்தான் பார்க்க வேண்டும். கிரிக்கெட் ஆட்டம் எப்படிப் போனது என்று எழுத ஏற்கெனவே கூட்டம் நிற்கிறது, அங்கே போய் நின்றால் இவன் கடைசி ஆள். ஆனால் ஒரு அணியின் வரவு செலவு என்ன, ஒளிபரப்பு உரிமையில் பணம் எப்படிப் பிரிகிறது, ஒரு மாவட்டக் கபடி வீரருக்குக் கையில் என்ன மிஞ்சுகிறது, இதையெல்லாம் பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்தவன் எழுதினால் அந்த எழுத்துக்குத் தனி மதிப்பு இருக்கும். ஆடிட்டர் ஆபீஸ் அனுபவம் இவனுக்குத் தடையல்ல, மற்றவர்களிடம் இல்லாத மூலதனம்.

அதனால் வேலையை விட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், எழுத வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு கட்டுரை, ஒரே விளையாட்டைப் பற்றி, ஆறு மாதம் விடாமல் எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாணம், காதுகுத்து என்று அவனைக் கூப்பிடாமல் விட்டால் அதுவே பெரிய உதவி. எழுதியதில் நல்லதாக ஐந்தாறை அவனே பொறுக்கிப் பத்திரிகைகளுக்கு அனுப்பட்டும். திரும்பி வந்தாலும் பரவாயில்லை, ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். ஆறு மாதம் கழித்து அந்தக் கட்டுரைகளோடு அவனை என்னிடம் அனுப்புங்கள், முதுகலை இதழியல் படிப்பு தேவையா இல்லையா என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம்.