வாசலில் எலுமிச்சம்பழம் கிடந்தால் விசுவாசி என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எங்கள் வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் இரண்டு முறை கிடந்தது. அதன்பின் என் கணவருக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், எனக்குத் தூக்கமில்லை. சொத்துத் தகராறில் ஓரகத்தி வைத்த செய்வினை என்கிறார் மாமியார். கதவில் 91-ஆம் சங்கீதத்தை ஒட்டியிருக்கிறோம். வீட்டின் நான்கு மூலைக்கும் எண்ணெய் ஜெபித்துத் தர ஓர் ஊழியர் 5,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, முதலில் காய்ச்சல். ஒரு வாரம் நீடித்தால் இனியும் காத்திருக்கக் கூடாது. இன்றே மருத்துவரிடம் போய், டெங்கு, டைபாய்டு, மலேரியாவுக்கு இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

அடுத்தது பழம். அமாவாசைக்கு மறுநாள் தெருவில் கிடப்பவற்றில் பல, கடைக்கும் வண்டிக்கும் திருஷ்டி கழித்துப் போட்டவை. முச்சந்தியில் கிடந்ததை நாய்கூட இழுத்து வந்திருக்கலாம். உங்களைக் குறிவைத்தே போட்டிருந்தாலும் முறத்தில் வாரிக் குப்பையில் போட்டு வாசலைக் கழுவுங்கள், போதும். காரணமில்லாத சாபம் தங்காது (நீதிமொழிகள் 26:2).

வசனத்தை ஒட்டுவதில் தவறில்லை. அதைத் தாயத்தாக்கினால்தான் சிக்கல். 91-ஆம் சங்கீதத்தின் 11, 12 வசனங்களை இயேசுவிடம் எடுத்துச் சொன்னவனே சாத்தான்தான் (மத்தேயு 4:6). வலுசர்ப்பத்தை மிதிப்பதைச் சொல்லும் 13-ஆம் வசனத்துக்கு முன்பே நிறுத்திக்கொண்டான்! நீங்கள் இரவில் குடும்பமாக உட்கார்ந்து முழுச் சங்கீதத்தையும் சத்தமாக வாசியுங்கள். ஆபத்தில் கூட இருப்பேன் என்பதுதான் 15-ஆம் வசனத்தின் வாக்கு. ஆபத்தே வராது என்றல்ல. இதைக் கவனிக்காதவர்கள்தான் ஒரு காய்ச்சல் வந்ததுமே தேவன் கைவிட்டாரோ என்று கலங்குகிறார்கள்.

எபேசு மாயவித்தையில் ஊறிய பட்டணம். அங்கே விசுவாசிகள் எரித்த புத்தகங்களின் மதிப்பு 50,000 வெள்ளிக்காசு (அப்போஸ்தலர் 19:19). அந்த ஊருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் மாற்று மந்திரம் எதையும் தரவில்லை. 6-ஆம் அதிகாரத்தின் சர்வாயுதவர்க்கத்தில், அதாவது தேவன் தரும் போர்க்கவசத்தில், இருப்பவை சத்தியம், நீதி, விசுவாசம், வசனம் போன்றவையே. பிசாசுக்கு எப்படி இடம் கிடைக்கிறது என்பதையும் 4:26, 27-ல் சொல்லிவிடுகிறார்: பொழுது சாய்ந்தபின்னும் ஆறாத கோபம். உங்கள் வீட்டில் நான் பயப்படுவது இதற்குத்தான், பழத்துக்கு அல்ல. ஆதாரமில்லாமல் ஓரகத்தியின் பெயரை யாரிடமும் சொல்லாதீர்கள். இந்த வாரமே போன் செய்து நலம் விசாரியுங்கள். பழத்தைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். சொத்து விவகாரத்தைப் பெரியவர்களை வைத்தோ வக்கீலை வைத்தோ தனியாகத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஜெபத்துக்கு யாக்கோபு 4:7-ன் வரிசை முக்கியம். முதலில் தேவனுக்குக் கீழ்ப்படிதல், பிறகு பிசாசை எதிர்த்து நிற்றல். முன்பாதியை விட்டுவிட்டு மணிக்கணக்கில் பிசாசை அதட்டுவதில் பயனில்லை. இயேசுவின் நாமத்தை மந்திரம்போல உச்சரித்த, ஸ்கேவா என்ற யூத ஆசாரியனின் ஏழு குமாரரும் காயப்பட்டு ஓடியதைத்தான் அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அறிக்கையிட வேண்டியதை அறிக்கையிட்டு, கிறிஸ்துவின் கையில் வீட்டை ஒப்புக்கொடுத்து, சுருக்கமாக ஜெபித்துவிட்டுப் படுங்கள்.

அந்த ஊழியருக்குப் பணம் கொடுக்காதீர்கள். யாக்கோபு 5:14-ல் எண்ணெய் பூசுகிறவர்கள் சபையின் மூப்பர்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. உங்கள் சபைப் போதகரை வீட்டுக்கு அழையுங்கள். யார் வந்தாலும், "செய்தது இன்னார்" என்று ஆளைக் காட்டினால் ஜெபத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அது உபாகமம் 18:10 தடைசெய்யும் குறிசொல்லுதல்.

தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, ஆளில்லாமல் குரல் கேட்டாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.