வீட்டைக் காலி செய்யும் முன்: வாடகைக் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ஒப்பந்தக் காலம் முடிந்த வாடகை வீடுகளைப் பற்றியவை. அவற்றில் பலர் ஒப்பந்தம் என்று முடிந்தது என்பதையே எழுதவில்லை. தேதி தெரியாமல் நான் எதைச் சொல்வது? கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

ஒப்பந்தம் ஏப்ரல் கடைசியில் முடிந்துவிட்டது. உரிமையாளர் எதுவும் கேட்கவில்லை, நானும் வாடகை கட்டி வருகிறேன். சிக்கல் வருமா? (அம்பத்தூர்)

உடனே வராது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, காலம் முடிந்தும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் இருந்தால், பழைய நிபந்தனைகளின்படியே மாதாமாதம் நீள்வதாகக் கொள்ளப்படும். ஆனால் இது அதிகபட்சம் ஆறு மாதம்தான். உங்களுக்கு அக்டோபரோடு அந்தப் பாதுகாப்பு தீர்கிறது. அதற்குள் புது ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். வாடகையை வங்கி வழியாகவே செலுத்துங்கள்.

பதினோரு மாதம்தான் என்பதால் பதிவே தேவையில்லை என்கிறார் புரோக்கர். (உறையூர், திருச்சி)

இரண்டு பதிவுகளைப் போட்டுக் குழப்புகிறார். சார்பதிவாளர் அலுவலகப் பதிவு ஓராண்டைத் தாண்டும் குத்தகைக்குத்தான் கட்டாயம். வாடகைச் சட்டத்தின்படி வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவுக்கு அந்தப் பதினோரு மாதக் கணக்கு செல்லாது.

கடைசி மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா?

உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் கழிக்கலாம். சம்மதம் இல்லாமல் கழித்தால் அது பாக்கி. இரண்டு மாத பாக்கி வைத்தாலே உங்களை வெளியேற்றக் கோரி அவர் மனுப் போட முடியும்.

இரண்டு ஆண்டுகள் இருந்தோம். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. காலி செய்யும்போது, "பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது வழக்கம்" என்று 18,000 ரூபாயைக் கழித்துவிட்டார். இது நியாயமா? (மடிப்பாக்கம்)

நியாயமே இல்லை. இந்த வழக்கத்தை எதிர்த்துப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன், இன்னும் எழுதுவேன். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதையும் உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது, சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவைதான் குடியிருப்பவரின் தலையில் விழும். இரண்டு ஆண்டுகள் மனிதர்கள் வாழ்ந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். அது வழக்கமான தேய்மானம், சேதமன்று.

நானும் ஒருமுறை இப்படி ஒரு மாத வாடகையை இழந்தேன். சில மாதங்கள் கழித்து அதே வீட்டில் குடிவந்தவரைப் பார்க்கப் போனபோது, என் மகள் கூடத்துச் சுவரில் கிறுக்கிய மெழுகுக் கோடு அப்படியே இருந்தது. தூரிகையே படாத சுவருக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். அவரும் போகும்போது அதே சுவருக்கு மறுபடி கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் இந்தச் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் அதன்படிதான் நடக்கும். கடையில் விற்கும் அச்சடித்த படிவங்களில் "ஒரு மாத வாடகை பெயின்டுக்காகக் கழிக்கப்படும்" என்ற வரி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். குடியேறும் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லையென்றால், பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்றே கடிதம் எழுதுங்கள். இருந்தாலும், பூசிய செலவுக்கு ரசீது கேளுங்கள். அடுத்த வீட்டில் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் முடிந்து எட்டு மாதமாகியும் காலி செய்ய மறுக்கிறார். தண்ணீரை நிறுத்தலாமா? (வீட்டு உரிமையாளர், கோவை)

கூடாது. தண்ணீர், மின்சாரம் இரண்டிலும் கை வைக்காதீர்கள். பூட்டையும் மாற்றாதீர்கள். வைத்தால் வாடகை அதிகாரியின் முன் குற்றம் சாட்டப்பட்டு நிற்பவர் நீங்களாக இருப்பீர்கள். ஆறு மாத நீட்டிப்பு தாண்டிவிட்டதால் நியாயம் உங்கள் பக்கம்தான். எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வாடகை நீதிமன்றத்தில் வீட்டை மீட்க மனுச் செய்யுங்கள். இருந்த நாட்களுக்கு இரட்டிப்பு வாடகை இழப்பீடும் கேட்கலாம்.

ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருக்கும்போது அப்பா காலமானார். அம்மாவையும் என்னையும் உடனே போகச் சொல்கிறார்கள்.

போக வேண்டியதில்லை. உடன் வசித்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மீதமுள்ள காலம் முழுவதும் இருக்க உரிமை உண்டு. வாடகையைத் தவறாமல் கட்டுங்கள்.

எட்டு லட்சத்துக்கு மூன்று ஆண்டு போக்கியம் (மொத்தப் பணம் கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருப்பது). காலம் முடிந்தும், "அடுத்த ஆள் வந்தால்தான் பணம்" என்கிறார்.

பணம் வரும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். பதிவு செய்த போக்கியப் பத்திரம் என்றால், பணம் திரும்பும்வரை வீட்டை வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வெறும் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதியிருந்தால் இன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். இரண்டு மாதமாக அட்வான்ஸ் வரவில்லை. (தென்காசி)

காவலாளியிடமா? எத்தனை முறை சொல்வது! சாவியை உரிமையாளர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்க வேண்டும். மின் மீட்டர் அளவையும் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்துவைக்க வேண்டும். நியாயமான பிடித்தம் போக மீதியைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்பது சட்டம். நீங்கள் வெளியேறிய தேதி, கொடுத்த தொகை, வங்கிக் கணக்கு எண் மூன்றையும் குறிப்பிட்டு, பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். காவலாளி இன்னும் அங்கே வேலையில் இருக்கும்போதே, சாவி வாங்கிய நாளை அவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.