நீலப்பச்சைப் பாசியோட கொழுப்பு பத்தி என்ன டவுட்டா இருந்தாலும் கேளுங்க

கேள்வி: சார், மீன் எண்ணெய் மாத்திரைக்கு பதிலா ஸ்பைருலினாங்கற நீலப்பச்சைப் பாசிய சாப்டா ஒமேகா-3 கிடைக்குமா?

பதில்: கிடைக்காதுங்க. அதுல பேர் போனது காமா லினோலெனிக் ஆசிட், அது ஒமேகா-6. மீன்ல இருக்கற ஈ.பி.ஏ., டி.எச்.ஏ.ங்கற ஒமேகா-3 கொழுப்ப இதுல எதிர்பார்க்காதீங்க. அதுவும் போக காய்ஞ்ச பவுடர்ல கொழுப்பே 5-8 சதவீதம்தான் வரும், 5 கிராம் சாப்டா அரை கிராம் கொழுப்பு கூட தேறாது. புரோட்டீனுக்காக வாங்குறீங்கன்னா சரி.

கேள்வி: அப்போ பயோடீசல் எடுக்க முடியாதா?

பதில்: கஷ்டம். பச்சைப் பாசி மாதிரி இது டிரைகிளிசரைட, அதாவது பயோடீசலுக்கு வேணுங்கற எண்ணெய, சொட்டு சொட்டா சேத்து வைக்காது, மிச்சத்த கிளைக்கோஜன்ங்கற மாவுச்சத்து மாதிரி பொருளா வச்சுக்கும். இருக்கற கொழுப்பு முக்காவாசி ஒளிச்சேர்க்கை நடக்குற தைலகாய்டு சவ்வுலதான். ஆனா கொழுப்பு அமிலத்துலருந்து ஹெப்டாடெக்கேன் மாதிரி ஆல்கேன் (டீசல்ல இருக்கற வகை ஹைட்ரோகார்பன்) செய்யுற ரெண்டு என்சைம 2010-ல கண்டுபிடிச்சாங்க, என்னைக் கேட்டா ஆசைப்பட வேண்டிய ரூட்டு அதுதான்.

கேள்வி: குளிர்ல இது எப்படி தாங்குது அண்ணா?

பதில்: எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. குளிர் வந்தா சவ்வு இறுகிப்போகும், உடனே டிசாச்சுரேஸ் என்சைம்கள் கொழுப்பு அமிலத்துல இரட்டைப் பிணைப்பு போட ஆரம்பிச்சிடும், அந்த இடத்துல சங்கிலி வளையறதால நெருக்கி அடுக்க முடியாம சவ்வு திரும்ப இளகிடும், இதுல அழகு என்னன்னா புதுசா லிப்பிட் (கொழுப்பு மூலக்கூறு) கட்டவே வேணாம், சவ்வுல ஏற்கனவே ஒட்டியிருக்கறதுலயே வேலை நடக்கும். 1990-ல வாடா, கோம்போஸ், முராட்டான்னு மூணு விஞ்ஞானிகள் சினெக்கோசிஸ்டிஸ்ங்கற நீலப்பச்சைப் பாசில இருந்த டெஸ்-ஏ ஜீன (ஒரு டிசாச்சுரேஸ செய்யுற ஜீன்) எடுத்து குளிர் தாங்காத அனாசிஸ்டிஸ்ங்கற இன்னொரு நீலப்பச்சைப் பாசில போட்டாங்க, அதோட ஒளிச்சேர்க்கை குளிர தாங்க ஆரம்பிச்சிடுச்சு. ஒரே ஒரு ஜீன்!

கேள்வி: செடியோட லிப்பிடும் இதோடதும் ஒண்ணா?

பதில்: செடில ஒளிச்சேர்க்கை நடக்குற குளோரோபிளாஸ்ட்ல பாத்தா கிட்டத்தட்ட ஒண்ணு, எம்.ஜி.டி.ஜி.ங்கற சர்க்கரை ஒட்டின லிப்பிட்தான் ரெண்டுலயும் மெஜாரிட்டி. குளோரோபிளாஸ்டோட மூதாதையே இந்த கூட்டம்தானே.

கேள்வி: அக்கா ஒருத்தங்க இதே பாசி ஸ்ட்ரெயின்ல ஜி.சி. (கொழுப்பு அமிலங்கள பிரிச்சு அளக்குற கேஸ் குரோமட்டோகிராஃபி) பண்ணாங்க, எனக்கு லினோலெனிக் (இரட்டைப் பிணைப்பு நிறைய இருக்கற கொழுப்பு அமிலம்) பீக் ரொம்ப கம்மியா வருது, ஏன் சார்?

பதில்: முதல்ல ரெண்டு பேரும் எந்த டெம்பரேச்சர்ல வளத்தீங்கன்னு பாருங்கம்மா, சூடா வளத்தா கம்மியாத்தான் வரும். கல்ச்சரோட வயசும் ஒத்துப்போகணும். ரெண்டும் சரியா இருந்தா குளோரோஃபார்ம்-மெத்தனால்ல கொழுப்ப எடுத்ததுக்கப்புறம் காத்துபட காயவிட்டீங்களான்னு யோசிங்க, இரட்டைப் பிணைப்பு அதிகமா இருக்கறதுதான் முதல்ல ஆக்சிஜன்ல கெட்டுப்போகும், நைட்ரஜன் விட்டு காயவச்சு ஒருதடவ ஓட்டிப் பாருங்க.